மதுர வெயில்ல கலர் சாக்லேட்

மே மாசம் மதுரைல உக்காந்துகிட்டு சாக்லேட் பண்ணப்போறேன்னு யாராச்சும் சொன்னா அவங்களுக்கு வெயில் தலைக்கேறிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு ஏறிடுச்சு. கத்தரி ஆரம்பிச்சு அஞ்சாவது நாள், தங்கச்சி தூத்துக்குடிலருந்து அவளோட ரெண்டு பொண்ணுங்கள கொண்டாந்து விட்டுட்டு "பத்து நாள் வச்சுக்கக்கா"ன்னு பஸ் ஏறிட்டா, என்னோடது ஏற்கனவே ரெண்டு, ஆக மொத்தம் நாலு. தங்கச்சி பெரியவ ஆறாவது, என் பையன் நாலாவது, தங்கச்சி சின்னவ மூணாவது, என் பொண்ணு ஒண்ணாவது. காலைல பத்து மணிக்கே வெளிய கால் வைக்க முடியாது, டிவி ரிமோட்டுக்கு அடிதடி, செல்போனுக்கு அடிதடி, ஃபேனுக்கு நேரா யாரு படுக்குறதுன்னு அடிதடி. மூணாவது நாள் நான் வாயத் தொறந்து "வாங்க சாக்லேட் பண்ணலாம்"னு சொல்லிட்டேன். அதுவும் சும்மா சாக்லேட் இல்ல, ஆளுக்கொரு கலர்ல.

டவுனுக்குள்ள ஒரு பேக்கரி சாமான் கடைல போய் 400 கிராம் ஒயிட் காம்பவுண்ட் ஸ்லாப் ரெண்டு, டார்க் ஒண்ணு, சிலிகான் அச்சு மூணு (டைனோசர், நட்சத்திரம், பூ), ஜிகினா பேப்பர் ஒரு கட்டு வாங்குனேன். கலர் கேட்டேன். கடைத்தம்பி சின்னச்சின்ன பாட்டில் ஜெல் கலர் எடுத்து வச்சு "இது எல்லாத்துக்கும் போடலாம்க்கா, கேக்கு, கிரீம், சாக்லேட்டு"ன்னாரு. நானும் நம்பி ரோஸ், நீலம்னு ரெண்டு எடுத்துட்டு வந்துட்டேன். இந்த "எல்லாத்துக்கும்"ங்கிற வார்த்தைய பத்தி அப்புறம் சொல்றேன்.

காம்பவுண்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, ஒரிஜினல் சாக்லேட்ல இருக்குற கொழுப்பு கோகோ பட்டர், கோகோ கொட்டைலருந்து எடுக்குறது. காம்பவுண்டுல அதுக்கு பதிலா வேற தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பாமாயில் மரத்தோட கொட்டைப் பருப்புலருந்து எடுக்குற எண்ணெய ஹைட்ரஜன் ஏத்தி கெட்டியாக்குனது. சாக்லேட் தெரிஞ்சவங்க இத மூஞ்ச சுளிச்சுகிட்டுதான் பேசுவாங்க, வாய்ல மெழுகு மாதிரி ஒட்டும்பாங்க, அது உண்மையும்தான். ஆனா கோகோ பட்டர் ரொம்ப சீண்டல் புடிச்ச ஆளு. அது உறையும்போது ஆறு விதமா உறையும், அதுல ஒரே ஒரு விதத்துலதான் அந்த பளபளப்பும் உடைச்சா டக்குன்னு வர்ற சத்தமும் கிடைக்கும், அதுக்காக டார்க் சாக்லேட்ட 45 டிகிரி வரைக்கும் உருக்கி, 27க்கு எறக்கி, திரும்ப 31க்கு ஏத்தணும், டெம்பரிங்னு பேரு. எங்க வீட்டு அடுப்படி அன்னிக்கு 36 டிகிரி. கோகோ பட்டர் உருகுறதே 34 டிகிரி சுமாருக்குத்தான். அதாவது எங்க அடுப்படில ஒரிஜினல் சாக்லேட்ங்கிறது ஒரு பானம். அதுனால காம்பவுண்டு வாங்குனதுக்கு எனக்கு ஒரு வெக்கமும் இல்ல, உருக்கு, ஊத்து, ஃபிரிட்ஜ்ல வையி, முடிஞ்சுது. ஏசி ரூம்ல டெம்பரிங் பண்றவங்க பண்ணிக்கட்டும்.

அத்தை (என் மாமியார்) ஸ்லாப்ப திருப்பித்திருப்பி பாத்துட்டு "இது வெள்ளையால்ல இருக்கு, இதுல சாக்லேட்டு எங்கிட்டு இருக்கு"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. வெள்ளை காம்பவுண்டுல சர்க்கரை, கொழுப்பு, பால் பவுடர், அவ்வளவுதான், கோகோ கொட்டையோட அந்த பிரவுன் பொடி ஒரு சிட்டிகை கூட கிடையாது. "கலர் ஏறணும்னா வெள்ளையா இருந்தாத்தான் அத்தை ஏறும்"னேன். "அப்ப சர்க்கரைய தின்ன குடுத்துட்டு சாக்லேட்டுன்னு பேரு வைக்கிற"ன்னுட்டு மணத்தக்காளி உருவ போயிட்டாங்க.

நாலு பேரும் கை கழுவிட்டு வரிசையா வந்து நின்னாங்க. இங்கதான் முதல் தப்பு. கை கழுவுனாங்க, தொடைக்கல. சாக்லேட்டுக்கும் தண்ணிக்கும் ஏழாம் பொருத்தம், ஒரு சொட்டு போதும் மொத்தத்தையும் கெடுக்க. எனக்கு அது ஏதோ அரைகுறையா தெரியும், ஆனா ஜெல் கலர்ல தண்ணி இருக்கும்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க. ஒரு ஸ்லாப்ப பொடிசா நறுக்கி, பாத்திரத்துல சுடுதண்ணி வச்சு அது மேல பெரிய கிண்ணத்த வச்சு உருக்குனோம், அழகா பாயாசம் மாதிரி உருகிடுச்சு, "பெரியம்மா நான் கலக்குறேன் நான் கலக்குறேன்"னு ஒரே சத்தம், சரின்னு என் பொண்ணு கைல ரோஸ் பாட்டில குடுத்து மூணு சொட்டு விடச் சொன்னேன். அவ ஆறு சொட்டு விட்டா. கலக்க கலக்க ஒரு நிமிசத்துல அந்த பாயாசம் புட்டு மாவு ஆயிடுச்சு. கரண்டிய தூக்குனா மொத்தமும் கூட வருது. நாலு பேரும் என் மூஞ்ச பாக்குறாங்க.

ஏன் அப்படி ஆச்சுன்னு அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன், படிச்சப்புறம் ச்சே இது நமக்கு தெரிஞ்சதுதானன்னு ஆயிடுச்சு. உருகுன சாக்லேட்ங்கிறது எண்ணெய்க்குள்ள பொடிப்பொடியா சர்க்கரை மெதந்துகிட்டிருக்கு, அவ்வளவுதான். அதுல ஒரு சொட்டு தண்ணி விழுந்தா சர்க்கரைத் துணுக்கெல்லாம் ஈரமாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஈர ஸ்பூன விட்ட சர்க்கரை டப்பா மறுநாள் எப்படி கட்டி தட்டியிருக்கும், அதேதான். இதுல வேடிக்கை என்னன்னா கொஞ்சம் தண்ணிதான் வில்லன், நெறைய தண்ணி வில்லன் இல்ல. இடியாப்ப மாவுல இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துனா தோச மாவு ஆகுற மாதிரி, திரிஞ்சுபோன சாக்லேட்ல சூடான பால ஸ்பூன் ஸ்பூனா விட்டு கலக்குனா திரும்ப வழவழன்னு வந்துடும். ஆனா அது அப்புறம் உறையாது, சாஸ்தான். அந்த ரோஸ் கலர் சாஸ ஜில்லுன்னு பால்ல கலக்கி குடிச்சாங்க, ரோஸ்மில்க் மாதிரியே இருந்துச்சு. முதல் நாள் சாக்லேட்டு இப்படி டம்ளர்ல முடிஞ்சுது.

மறுநாள் கலர் விசயம். சாக்லேட்டுக்குன்னே எண்ணெய்ல கலக்குற மாதிரி கலர் தனியா விக்கிறாங்க, இல்லாட்டி தண்ணி கலக்காத பவுடர் கலர் வாங்கணும். இத நாலு வாண்டுகளுக்கு புரியவைக்க நான் பட்டபாடு இருக்கே. கடைசில அடுப்படிலயே பதில் இருந்துச்சு. ஒரு சின்ன கிண்ணத்துல தேங்காய் எண்ணெய், இன்னொண்ணுல தண்ணி, ரெண்டுலயும் ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி. எண்ணெய்ல மஞ்ச எறங்கி எண்ணெயே பளிச்சுன்னு மஞ்சளாயிடுச்சு, தண்ணில பொடி சும்மா கலங்கி அப்புறம் அடில போய் படுத்துடுச்சு. அடுத்து ரெண்டுலயும் ஒரு பீட்ரூட் துண்டு. இப்ப தண்ணி ஜம்முன்னு ரோஸ் ஆச்சு, எண்ணெய் ஒண்ணும் ஆகல. தெனமும் தாளிக்கிறப்ப மஞ்சப்பொடிய எண்ணெய்ல போட்டா கலர் தூக்குறதும், பீட்ரூட் வேகவச்ச தண்ணி ரத்தமா நிக்கிறதும் இருபது வருசமா பாக்குறேன், இத ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு நாளும் யோசிச்சதில்ல. பெரியவதான் சொன்னா, "அப்ப சாக்லேட்டுக்கு மஞ்சப்பொடி செட்டாகும், பீட்ரூட் செட்டாகாது, கரெக்டா பெரியம்மா?" கரெக்ட்.

என் பையனுக்கு சிஎஸ்கே மஞ்சள்தான் வேணும். கடைக் கலர் எதுக்குன்னு அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய லேசா சூடு பண்ணி மஞ்சப்பொடி போட்டு, துணில வடிகட்டி, அத உருகுன வெள்ளைல விட்டோம். என்னா கலர்ங்கிறீங்க! கொஞ்சம் மஞ்சப்பால் வாசம் வந்துச்சு, ஏலக்காய் ரெண்டு பொடிச்சு போட்டதும் அதுவும் சரியாப்போச்சு. அத்தை ஒண்ண வாய்ல போட்டுட்டு "முட்டாயும் ஆச்சு, சளிக்கு மருந்தும் ஆச்சு"ன்னாங்க. எண்ணெய் ஜாஸ்தியா விட்றாதீங்க, தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்கு மேல உருகிடும், மார்கழில பாட்டில்ல உறைஞ்சு நிக்கிற எண்ணெய் மே மாசத்துல எப்படி இருக்குன்னு பாத்தா தெரியும், நெறைய விட்டா சாக்லேட்டும் அதே மாதிரி ஃபிரிட்ஜ விட்டு வந்ததும் தொளதொளன்னு ஆயிடும்.

நீலம்தான் ரொம்ப ஏமாத்திடுச்சு. தங்கச்சி சின்னவளுக்கு நீல டைனோசர் வேணும். இந்தவாட்டி சரியான எண்ணெய்க் கலர் வாங்கி ஊத்துனா, வந்தது பச்சை. அவ அழுகைக்கு ரெடி. பிரச்சனை என்னன்னா வெள்ளை சாக்லேட் உண்மைல வெள்ளை கெடையாது, லேசா மஞ்ச ஓடுன வெள்ளை, மஞ்சளும் நீலமும் சேந்தா என்ன வரும்னு ஒண்ணாவது படிக்கிறவ வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஒரு துளி ஊதா கலர் சேத்தா மஞ்ச அடங்கி நீலம் மேல வரும்னு பிற்பாடு தெரிஞ்சுகிட்டேன். அன்னிக்கு கைல ஊதா இல்ல. அத்தைதான் வந்து "ஏட்டி, இது கிளிப்பச்சைடி, மீனாட்சி கைல வச்சிருக்காள்ல அந்த கிளி கலரு, யாருக்கு கெடைக்கும்"னு ஒரு போடு போட்டாங்க. அழுகை நின்னுடுச்சு. அப்புறம் அவ அந்த டைனோசருக்கு கிளின்னே பேரு வச்சுட்டா.

செவப்பு பத்தியும் சொல்லிடறேன். வெள்ளைல செவப்பு போட்டா ரோஸ்தான் வரும், ரத்தச் செவப்பு வேணும்னு கலர கொட்டிகிட்டே போனா ஒரு கட்டத்துல கசக்க ஆரம்பிச்சுடும். ரோஸோட நிறுத்திக்கங்க.

கலர் பாட்டில கைல எடுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல், பொய் சொல்லல. 2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாய தடை பண்ணாங்கல்ல, சோதனைல ரோடமின் பி இருந்துச்சுன்னு. அது துணிக்கு போடுற சாயம். அதுக்கு முந்தின தைப்பொங்கலுக்குத்தான் பொருட்காட்சில இதே பிள்ளைங்களுக்கு ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்து, நாக்கு ரோஸ் ஆனத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற வச்சிருந்தேன். அதுல இருந்து பாட்டில் பின்னாடி படிக்காம வாங்குறதில்ல. சாப்பாட்டுல போடலாம்னு நம்ம ஊர்ல அனுமதிச்ச செயற்கைக் கலர் மொத்தமே 8 தான், பாட்டில்ல நம்பர் போட்டிருப்பாங்க, ஐஎன்எஸ் 102ன்னா டார்ட்ரசின் மஞ்சள், 133ன்னா பிரில்லியண்ட் ப்ளூ, இப்படி. நம்பர் இல்லாம சும்மா "கலர்"னு ஒட்டி விக்கிற பொட்டலத்த பிள்ளைங்க பண்டத்துல போடாதீங்க, எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் சரி.

பீட்ரூட்ட அப்படியே விட மனசில்ல. துருவி மொட்டமாடில ரெண்டு நாள் போட்டேன், மதுர வெயில் என்னத்துக்கு இருக்கு, சருகா காஞ்சுடுச்சு, மிக்சில ஓட்டி மாவு சல்லடைல சலிச்சு வெள்ளைல கலந்தா, ஒரே சீரா ரோஸ் வரல, வராதுன்னு தெரியும், ஆனா புள்ளிபுள்ளியா வந்துச்சு. "அம்மா இது டிராகன் ஃப்ரூட்டு"ன்னு என் பொண்ணு கத்துனா. கத்துறதோட நிக்காம மேல கொஞ்சம் கருப்பு எள்ளயும் தூவிட்டா. உண்மையிலயே டிராகன் ஃப்ரூட்தான்.

"அப்ப ஜெம்ஸ்ல மட்டும் எப்படி எல்லா கலரும் கரெக்டா வருது"ன்னு என் பையன் மடக்குனான். அதுல சாக்லேட்டுக்கு யாரும் கலர் போடல தம்பி, மேல இருக்குற சர்க்கரை ஓட்டுக்குத்தான் கலர். சீரக மிட்டாய் எப்படியோ அப்படி. உருளுற அண்டாவுல போட்டு மேல சர்க்கரைப்பாகு தெளிச்சு காயவிட்டு, திரும்ப தெளிச்சு காயவிட்டு, பூச்சு மேல பூச்சு. பாகுல தண்ணி இருக்குறதால தண்ணிக் கலரே போதும். அமெரிக்காவுல எம் அண்ட் எம்ஸ்னு 1941ல வந்ததும் இதே ஓட்டு வித்தைதான், ரெண்டாம் உலகப்போர்ல சிப்பாய்ங்க பையில கொண்டு போனாங்க, ஓடு இருக்கவும் கைல உருகாது. "அப்ப நம்மளும் அண்டால உருட்டலாமா"ன்னான். இல்லடா சாமி.

வேலை பிரிச்சது ஒரு மாதிரி தானா அமைஞ்சுது. பெரியவளுக்கு மருதாணி கோன் போட வரும், அதே மாதிரி பிளாஸ்டிக் கவர்ல கோன் சுத்தி டார்க் சாக்லேட்ட ஊத்தி டைனோசருக்கு கண்ணு, முதுகுக் கோடு எல்லாம் அச்சுக்குள்ள முதல்லயே வரைஞ்சுடுவா, அது உறைஞ்சதும் மேல கலர் சாக்லேட்ட ஊத்தணும், தலைகீழா தட்டுனா கண்ணு மேல வந்துடும். அச்ச தரைல டொக்கு டொக்குன்னு தட்டி காத்துக்குமிழ வெளியேத்துறது என் பையன் டிபார்ட்மெண்ட், தேவைக்கு மேலயே தட்டுனான், கீழ்வீட்டு அக்கா வந்து கேட்டுட்டு போனாங்க. சின்னவங்க ரெண்டு பேருக்கும் ஜிகினா பேப்பர் சுத்துற வேலை. அடுப்புப் பக்கம் நான் மட்டும்தான். வெள்ளை சீக்கிரம் தீஞ்சுடும், அதுல பால் பவுடர் இருக்கு, அதுனால தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணைச்சுட்டு அந்த சூட்டுலயே உருக்குறதுதான் நல்லது. கிண்ணம் பாத்திரத்த விட அகலமா இருக்கணும், இல்லாட்டி ஆவி உள்ள போய் திரும்ப புட்டு.

உள்ள வைக்க முந்திரி, திராட்சைன்னு ஆரம்பிச்சோம், பெரிய சுவாரசியம் இல்ல. பொரி நல்லா இருந்துச்சு, கொழுப்புக்குள்ள நமுக்காது. தேன்மிட்டாய் வைக்கலாம்னு பையன் ஐடியா, பாக்க செம்மையா இருந்துச்சு, மறுநாள் காலைல பாகு கசிஞ்சு அச்செல்லாம் பிசுபிசு. எல்லாத்தையும் தூக்கி சாப்டது கோவில்பட்டி கடலமிட்டாய். தங்கச்சி வரும்போது வாங்கிட்டு வந்தது, 2020ல புவிசார் குறியீடெல்லாம் வாங்குன ஆளு சும்மாவா. அத பூரிக்கட்டையால ஒண்ணும் பாதியுமா நொறுக்கி டார்க்குல கலந்து, வெளிய ரோஸ் பூசி. இந்த ஒண்ணுக்காக இந்த பத்து நாளையும் திரும்ப ஒருதடவ பண்ணுவேன்.

ஊட்டி பத்தி ஒரு விசயம் சொல்லணும், இருபத்தஞ்சு வருச மனக்குறை. ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் டூர், கமர்சியல் ரோட்டுல ஹோம்மேட் சாக்லேட் கால் கிலோ எட போட்டு வாங்குனேன், அப்பா குடுத்த காசு மொத்தமும் அதுக்கே போச்சு. மலைமேல குளுருல ஜம்முன்னு இருந்துச்சு. மேட்டுப்பாளையம் எறங்குனதும் பை கசகசன்னு ஆச்சு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு ஆசையா தொறந்தா மேல எல்லாம் வெள்ளையா பூத்திருக்கு. அம்மா "பூசணம் புடிச்சிருக்குடி"ன்னு அப்படியே குப்பைல கொட்டிட்டாங்க. நான் அழுத அழுகை. இப்பத்தான் தெரியுது அது பூசணமே இல்ல, உருகி திரும்ப உறையும்போது கொழுப்பு மேல வந்து படியிறது, தாராளமா சாப்பிடலாம். ஃபிரிட்ஜ்லருந்து எடுத்து வேர்க்க விட்டாலும் வெள்ளை பூக்கும், அது வேற, வேர்வைத் தண்ணில சர்க்கரை கரைஞ்சு காஞ்சு நிக்கிறது. அதுக்குத்தான் டப்பாவ மூடுனபடியே வெளிய எடுத்து வச்சு, குளிர்ச்சி போனப்புறம் தொறக்கணும். அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன். "அதுக்கென்ன இப்ப"ன்னாங்க.

நடுவுல ஒரு நாள் தங்கச்சி சின்னவ "சாக்லேட் எந்த மில்லுல வெளையுது"ன்னு கேட்டா. போன வருசம் பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலைல ஒரு தென்னந்தோப்புல கோகோ மரத்த பாத்திருக்கேன், தென்னைக்கு நடுவுல நிழல்ல ஊடுபயிரா வச்சிருப்பாங்க. பலாக்காய் மாதிரி அடிமரத்துலயே ஒட்டிகிட்டு காய்க்குது, பச்சை, மஞ்சள், செவப்புன்னு பழமே கலர்கலரா தொங்குது. உடைச்சா உள்ள சீத்தாப்பழம் மாதிரி வெள்ளை சதை, புளிப்பும் இனிப்புமா அவ்வளவு நல்லா இருக்கும், ஆனா கொட்டைய கடிச்சா வேப்பங்காய். அந்த கொட்டைய சதையோட பெட்டில கொட்டி மூடி ஒரு வாரம் போல புளிக்கவச்சு, வெயில்ல காயப்போட்டு, வறுத்தப்புறம்தான் சாக்லேட் வாசமே வருது. போட்டோ காட்டுனேன். "பழமே கலரா இருக்கே, அப்புறம் ஏன் பெரியம்மா பிரவுன் ஆக்கிட்டு திரும்ப கலர் போடுறோம்"னு கேட்டா. அதுக்கு இன்னும் பதில் யோசிச்சுகிட்டிருக்கேன்.

பத்து நாள் முடிஞ்சு தங்கச்சி வந்துட்டா. ஜிகினா சுத்துனதெல்லாம் ஏற்கனவே காலி, சுத்தாதது ஒரு முப்பது இருக்கும், மஞ்சள், கிளிப்பச்சை, ரோஸ், டிராகன் ஃப்ரூட், எல்லா கலரையும் ஒண்ணா கலக்கி சாணிக் கலர்ல வந்த ஒரு அஞ்சாறு, எல்லாத்தையும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல போட்டு குடுத்து விட்டேன். மாட்டுத்தாவணில மத்தியானம் ஒரு மணி பஸ், சீட்டு கெடச்சது இன்ஜின் பக்கம். சாயங்காலம் போன், பெரியவ அழாத கொறையா, "பெரியம்மா எல்லாம் உருகி ஒண்ணாயிடுச்சு, ஒரு டைனோசர் கூட இல்ல." அப்படியே பாக்ஸோட ஃபிரிட்ஜ்ல வச்சுடுடி, காம்பவுண்டுதான, திரும்ப உறையும்னேன்.

மறுநாள் காலைல வாட்ஸப்ல போட்டோ வந்துச்சு. டிபன் பாக்ஸ கவுத்து தட்டி கத்தியால வில்லை போட்டிருக்கா. மஞ்சளும் பச்சையும் ரோஸும் கலக்காம ஒண்ணுக்குள்ள ஒண்ணு நெளிஞ்சு, நடுவுல டார்க்குல வரைஞ்ச கண்ணெல்லாம் கோடா இழுத்துகிட்டு, மார்பிள் கல்லு மாதிரி.

அத்தை கண்ணாடிய போட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"நல்லா இருக்கே. இது எந்தக் கடைல வாங்குனாங்களாம்?"